திகைப்பு என்ற சொல்லும் பூவரசில் தொங்கும் முட்டியும்

சண்டிலிப்பாய்,
ஈசுர வருஷம், தை மாதம்.

கனம் பொருந்திய 'தமிழ்த் தோரணம்' பத்திராதிபர் அவர்கள் சமுகத்துக்கு, மலாயா றெயில்வேயில் ஸ்ரேஷன் மாஸ்ரராகக் கடமை பார்த்து இளைப்பாறி ஊரோடு வந்திருக்கும் சீவரத்தினம் அநேக வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் யாவரும் சுகம், அவ்விடத்துச் சுகத்துக்கு எழுதவும் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் யாவரும் என்று சொல்லத்தக்கதாக இவ்விடத்தில் இப்போது நானும் ஒரு சினைப்பசுவும் மட்டும்தான் இருக்கிறோம். பசு சுகம்.

தங்கள் பத்திரிகையை நான் காசு கொடுத்து வாங்குகிறவன் அல்லன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மனஸ்தாபம் வேண்டாம். மானிப்பாய்க் கடையில் வாங்கிய சர்க்கரையைச் சுற்றித் தந்த கடதாசியில்தான் தங்கள் 'சொல்லின் வேர்' என்ற பகுதி எனக்குக் கிடைத்தது. அதில், திகை என்றால் திசை என்றும், திசை தெரியாமல் நிற்பதே திகைத்தல் என்றும், திகைப்பு என்ற சொல் அங்கே பிறந்தது என்றும் எழுதியிருந்தீர்கள். குசினி அடுப்படியில் நின்றபடியே வாசித்தேன். சர்க்கரை நிலத்தில் கொட்டுண்டு எறும்பு வந்து சேரும்வரைக்கும் வாசித்தேன். பெண்சாதி செத்தபோது வராத அழுகை அப்போது வந்தது. ஆனால் ஐயா, 'ஆயினும்' என்று தாங்கள் அடுத்த வாக்கியத்தைத் தொடங்கிய இடத்தில் கடதாசி கிழிந்துபோயிற்று. அடுத்த பஸ்ஸிலேயே மானிப்பாய்க்குப் போய்க் கடைக்காரரிடம் மற்றப் பாதியைக் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மற்றப் பாதியிலை ஆருக்கோ செத்தல் மிளகாய் சுத்திக் குடுத்திட்டன் மாஸ்ரர். அது என்ன காணி உறுதியோ, இப்பிடிப் பதகளிக்கிறியள்?" என்று கேட்டார். காணி உறுதிப் பத்திரம் என்றால் நான் இவ்வளவு பதகளிக்கமாட்டேன். அந்த 'ஆயினும்' என்பதற்குப் பிறகு தாங்கள் என்ன எழுதினீர்கள் என்பதில்தான் என் மனைவி நாகமுத்துவின் மோட்சம் தங்கியிருக்கிறது. அது எப்படி என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்தருள வேண்டும்.

எங்கள் வீட்டு வளவுக்குப் பக்கத்து வளவு பரமலிங்கம் என்பவருடையது. இறந்துபோனவரைப் பற்றிக் குறைவாகப் பேசக்கூடாது, ஆகையால் அவர் ஒவ்வொரு வருஷமும் வேலி அடைக்கும்போது கதியால் தடியை ஒரு பெருவிரல் அளவு என் பக்கம் தள்ளி நட்டார் என்பதை மட்டும் சொல்லி விட்டுவிடுகிறேன். வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். அந்த ஓணானும் அவர் பக்கத்து ஓணானாகவே இருந்தது. மலாயாவிலிருந்து வந்த நாள் தொட்டு நான் அவரோடு ஒரு வார்த்தை கதைத்ததில்லை. ஆனால் கிணறு மட்டும் பங்குக் கிணறு. எல்லையில் கிடக்கிறது, இரண்டு வீட்டுக்கும் அதுதான் தண்ணீர். போன கார்த்திகை மழையில் அந்தக் கிணற்றுக்குள் வெள்ளம் புகுந்தது. யார் கிணற்றுக்கட்டை உயர்த்துவது, யார் இறைப்பது என்று அவர் மகன் நடராசாவும் நானும் இரண்டு கரையிலும் நின்று வானத்தைப் பார்த்துச் சண்டை பிடித்துக்கொண்டிருக்க, நாகமுத்துவுக்கும் பரமலிங்கத்துக்கும் நெருப்புக் காய்ச்சல் வந்துவிட்டது. கிணறு பங்கு, காய்ச்சலும் பங்காயிற்று. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கட்டிக்கொண்டிருக்கும்போதே அவள் கண் செருகிவிட்டது. பரமலிங்கம் அன்று விடியற்காலையே முந்திக்கொண்டார். எதிலும் முந்துகிற மனிதர்.

ஒரே நாளில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இரண்டு சாவு. எங்கள் ஒழுங்கையோ ஒரு வண்டி போனால் ஆள் வேலியோடு ஒட்டி நிற்கவேண்டிய ஒழுங்கை. இரண்டு பாடையும் ஒரே நேரத்தில் படலை வாசலுக்கு வந்தன. நடராசா தன் தகப்பன்தான் முன்னுக்குப் போகவேண்டும் என்றான், என் மனைவியின் தம்பி பொன்னம்பலம் தன் அக்காதான் போகவேண்டும் என்றான், பறைமேளக்காரர் யாருக்கு அடிப்பதென்று தெரியாமல் இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்து அடித்தார்கள். ஒற்றைப் பாதையில் ஒரே நேரத்தில் இரண்டு வண்டி விடக்கூடாது என்பது றெயில்வேயில் முதற் பாடம். நான் நடுவில் நின்று கையைத் தூக்கி மறித்து, இன்னார் முதல், இன்னார் பிறகு, இடையில் இவ்வளவு தூரம் விடவேண்டும் என்று ஒழுங்கு பண்ணி அனுப்பினேன். சனம் என்னை மெச்சியது. "என்ன நிதானம், என்ன நிதானம்!" என்று ஊர்த் தலைமைக்காரரான விதானையார் என் தோளைத் தட்டினார். நிதானம் இல்லை ஐயா. எனக்கு என் முன்னால் போகிற பாடை யாருடையது என்பதே உறைக்கவில்லை. ஏதோ சாமான் ஏற்றி அனுப்புகிறவன் மாதிரி நின்றேன்.

இன்னொன்றையும் இங்கே எழுதவேண்டும். குளிப்பாட்டும்போது நகையெல்லாம் கழற்றிய பெண்களால் அவள் விரலில் கிடந்த செப்பு மோதிரத்தை மட்டும் கழற்ற முடியவில்லை. அது நான் மலாயா ஈப்போவில் ஒரு சீனனிடம் வாங்கி அனுப்பியது. வாதத்துக்கு நல்லது என்று அவன் சத்தியம் பண்ணினான். வாதமும் போகவில்லை, மோதிரமும் விரலை விட்டுப் போகவில்லை. சவர்க்காரம் போட்டுப் பார்த்தார்கள், எண்ணெய் போட்டுப் பார்த்தார்கள். கிடக்கட்டும், விடுங்கள் என்றேன்.

சுடலையில் இரண்டு சிதை. உள்ளே போகிற பாதைக்கு வலப்பக்கம் பரமலிங்கம், இடப்பக்கம் நாகமுத்து. இடப்பக்கம், இடப்பக்கம் என்று மனதில் எழுதிக்கொண்டேன். எனக்குப் பிள்ளை இல்லை, ஆகையால் நானே கொள்ளி வைத்தேன். அன்று இரவு வானம் பொத்துக்கொண்டு பெய்தது. மறுநாள் காடாற்றி எலும்பு எடுக்கப் போகவேண்டும், ஒழுங்கையில் இடுப்பளவு வெள்ளம். ஆகவே பொன்னம்பலமும் நானும் பாலும் இளநீரும் புது மண்முட்டியும் எடுத்துக்கொண்டு வயல் வரம்பால் சுற்றிப்போய்ச் சுடலைக்குப் பின்பக்கத்தால் இறங்கினோம். பின்பக்கத்தால் என்பதைத் தாங்கள் கவனிக்கவேண்டும். நான் கவனிக்கவில்லை. வெயில் இல்லை, நிழல் இல்லை, மழையில் கரைந்து இரண்டு சிதையும் ஒன்றைப்போல மற்றது கறுப்புச் சேறாகக் கிடந்தன. பொன்னம்பலம் மெள்ளக் கேட்டான்: "அத்தான், எங்கடை உதோ, அங்காலை கிடக்கிறதோ?"

"இடப்பக்கம்" என்றேன்.

"இல்லை அத்தான், நாங்கள் நேற்று வந்தது..."

"இடப்பக்கம் எண்டு சொன்னா இடப்பக்கம்தான். ஆயுசு முழுக்க றெயில் விட்டவன் நான். எனக்கு இடம் வலம் சொல்லித் தாறியோ?"

பொன்னம்பலம் இளநீரை வெட்டத் தொடங்கினான். ஸ்ரேஷன் மாஸ்ரரோடு யார் எதிர்த்துக் கதைப்பது? நான் குந்தியிருந்து, பால் ஊற்றி, இளநீர் ஊற்றி, ஒவ்வொரு எலும்பாகப் பொறுக்கி முட்டிக்குள் போட்டேன். நாகமுத்து, நாகமுத்து என்று சொல்லிச் சொல்லித்தான் போட்டேன். எனக்குப் பிறகு வந்த நடராசா ஒன்று ஆற்றிக் கிடக்கிறதைக் கண்டு, மாஸ்ரர் பிழை விடமாட்டார், மிச்சம் கிடப்பதுதான் எங்கள் அப்பு என்று மற்றதைப் பொறுக்கிக்கொண்டு போனான். என்னில் அவன் வைத்த நம்பிக்கை அவ்வளவு. என் எதிரி வீட்டில்கூட என் நிதானத்துக்கு அப்படி ஒரு பெயர் இருந்தது.

ஒரே நாளில் செத்தவர்களுக்கு, எலும்பைக் கடலில் கரைக்கிற அந்தியேட்டியும் ஒரே நாளில்தான் வரும். முப்பத்தோராம் நாள் கீரிமலையில் இரண்டு வீட்டாரும் ஆளுக்கொரு ஐயரோடு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம். எங்கள் ஐயர் கொஞ்சம் விரைவுக்காரர். கிரியை முடித்து நான் முட்டியோடு கடலுக்குள் இறங்கினேன். முட்டி பாரமாக இருந்தது. நாகமுத்து எலும்பும் தோலுமான மனுஷி, காய்ச்சலில் இன்னும் வற்றிப்போனவள். இவ்வளவு பாரம் எப்படி வந்தது என்று ஒருகணம் யோசித்தேன். துக்கத்தின் பாரம் என்று முடிவு செய்து கவிழ்த்துவிட்டேன். போய் வா நாகமுத்து, நான் உன்னை மலாயாவுக்குக் கூட்டிக்கொண்டு போகாமல் விட்டது பிழை, வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் கடலை வைத்துக்கொண்டது பிழை, மன்னித்துக்கொள் என்று வாய்விட்டுச் சொன்னேன். கரையேறித் தலை துவட்டும்போது நடராசாவின் பக்கத்தில் ஒரு அமளி கேட்டது. அவர்களுடைய ஐயர் சாம்பலுக்குள்ளிருந்து எதையோ எடுத்து இரண்டு விரலால் தூக்கிப் பிடித்திருந்தார். கறுத்துப்போன ஒரு செப்பு மோதிரம்.

நடராசாவின் தாய் செல்வநாயகி, "இவர் ஒரு நாளும் மோதிரம் போட்டதில்லையே!" என்றாள். சுற்றி நின்ற சனம், பரமலிங்கத்தார் களவாக மோதிரம் போட்டுக்கொண்டு எங்கே போய்வந்தார் என்று ஆராயத் தொடங்கிவிட்டது. நடராசா அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "உது அப்புவின்ரை இல்லை. உது மாமியின்ரை" என்றான். எந்த மாமி என்று பொன்னம்பலம் கேட்டான். "உங்கடை அக்காதான். மாஸ்ரர் மலாயாவிலை இருக்கேக்கை, வேலிப் பொட்டுக்குள்ளாலை எனக்குப் பிட்டும் கறியும் தந்த கை இந்த மோதிரம் போட்ட கைதான். முகம் வேலிக்கு அங்காலை. நான் கண்டு வளர்ந்தது கையை மட்டும்தான்" என்றான்.

ஐயா, வேலியில் பொட்டு என்று ஓர் ஓட்டை இருந்தது எனக்குத் தெரியாது. அது கிடக்கட்டும். அதுவரை நான் கடலில் விட்டு, மன்னிப்புக் கேட்டு, என் மனதில் கிடந்ததையெல்லாம் கொட்டியது பரமலிங்கத்திடம் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. கதியாலைத் தள்ளி நட்ட மனிதரிடம், உன்னை மலாயாவுக்குக் கூட்டிப்போகவில்லையே என்று அழாக்குறையாகச் சொல்லியிருக்கிறேன். பொன்னம்பலம் வெறும் முட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த ஆளை மீட்டு வருகிறேன் என்று கடலுக்குள் நெஞ்சளவு போய்விட்டான். இரண்டு பேர் பிடித்து இழுத்து வந்தார்கள். ஐயரிடம், இப்போது என்ன செய்வது என்று கேட்டேன். சாத்திரத்தில் இதற்கு வழி இருக்கும், பார்த்துச் சொல்கிறேன் என்றார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நடராசா தன் கையில் இருந்த முட்டியைக் கரைக்கவும் இல்லை, தரவும் இல்லை. "என்ரை அப்புவைத் தாரும், உம்மடை பெண்சாதியைத் தாறன்" என்றான். பரமலிங்கம் அந்நேரம் இந்தியாக் கரைக்கே போயிருப்பார். நான் எங்கே போய் அவரை வாங்கி வருவது? அவன் முட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்து, வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்பதால் தன் வளவுப் பூவரச மரத்தில், வேலி ஓரமாகத் தொங்கவிட்டிருக்கிறான். என் குசினி யன்னலைத் திறந்தால் அதுதான் தெரிகிறது. பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும். உயிரோடு இருந்தபோது ஒரு நாளும் அந்தப் படலை தாண்டாத மனுஷி, இப்போது அங்கே கயிற்றில் ஆடிக்கொண்டிருக்கிறாள். மழைக்கு நனையாமல் ஓர் ஓலையால் மேலே மூடிக் கட்டியிருக்கிறான். நான் கேட்கவில்லை, அவனாகவே கட்டினான். அதைக் கண்டு எனக்குக் கோபம்தான் வந்தது.

வழக்கு விதானையாரிடம் போயிற்று. அவர் வீட்டு விறாந்தையில் எனக்கொரு கதிரை, நடராசாவுக்கொரு கதிரை. வேலிக் கோபத்தில் தன் தகப்பனின் எலும்பை வேண்டுமென்றே எடுத்துக் கடலில் எறிந்தேன் என்பது நடராசாவின் கட்சி. அப்படி இல்லையென்றால் கள்ளு வெறி என்றான். நான் கள்ளைத் தொட்டதில்லை, எனக்கு அன்று திகைப்பு, அவ்வளவுதான் என்றேன். அதற்கு அவன் எழும்பி நின்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "திகைச்சவன் எண்டா தலை சுத்தி விழுவான். இல்லாட்டி வாய் திறவாமல் மலைச்சுப்போய் நிப்பான். உவர் நிமிர்ந்து நிண்டு, இடப்பக்கம் எண்டு கட்டளை போட்டவர். உது என்ன திகைப்பு?"

விதானையார் தாடியைத் தடவினார். கேள்வி நியாயமானதுதான் என்றார். திகைப்பு என்று தீர்ந்தால் முட்டியை நடராசா மறுபேச்சில்லாமல் தரவேண்டும், வெறி அல்லது வன்மம் என்று தீர்ந்தால் நான் அவன் காலில் விழவேண்டும், முட்டி என்னவாகும் என்பது அவன் விருப்பம் என்று சொல்லி, "திகைப்பு எண்டா என்ன, அது எங்கை இருந்து வந்த சொல் எண்டு படிச்ச ஆள் ஒருத்தர் எழுதித் தரட்டும், பிறகு பாப்பம்" என்று கூட்டத்தைக் கலைத்தார்.

அன்றிலிருந்து ஊரே அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. வைத்தியம் பார்க்கிற பரியாரியார் அது பித்தம் தலைக்கேறுவது என்று சொல்லி, தேசிக்காயைப் பிழிந்து என் உச்சியில் தேய்த்து ஒரு கிழமை வெயிலில் இருத்தினார். இருந்த மயிரும் கொட்டுண்டதுதான் கண்ட பலன். பொன்னம்பலம் அது திகைப்பூடு என்றான். அப்படி ஒரு பூடு உண்டாம், மிதித்தவனுக்கு வழி தப்பிப்போகுமாம், சுடலையில் அத்தான் அதைத்தான் மிதித்திருக்கிறார் என்று சாதித்தான். சாதித்ததோடு நிற்கவில்லை. சுடலையில் முளைத்திருந்த பூடு பூண்டு ஒன்று விடாமல் பிடுங்கி ஓலைக் கடகத்தில் கொண்டுவந்து முற்றத்தில் பரப்பி, விதானையார் பார்த்திருக்க ஒவ்வொன்றாக வெறுங்காலால் மிதித்து, எதில் வழி தப்புகிறது என்று நடந்து காட்டினான். எதை மிதித்தாலும் அவன் நேரே கள்ளுக் கொட்டிலுக்குத்தான் போய்ச் சேர்ந்தான். திசை ஒரு தரமும் தப்பவில்லை. அதனால் எங்கள் கட்சிக்குப் பெரிய நட்டம்.

இந்த நிலையில்தான் தங்கள் சர்க்கரைக் கடதாசி வந்தது. திசை தெரியாமல் நிற்பதே திகைப்பு. ஐயா, இதைவிட எனக்கு என்ன சாட்சி வேண்டும்? தலை சுற்றினவன் தனக்குத் தலை சுற்றுகிறது என்று அறிவான், எதையாவது பிடித்துக்கொள்வான். திகைத்தவனுக்குத் தான் திகைத்தது தெரியாது. கிழக்கு இதுதான் என்று அடித்துச் சொல்லிக்கொண்டே மேற்கே நடப்பான். நான் இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. போன கிழமை கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்து, வாளியை வைத்துவிட்டு, கதிரையில் சாய்ந்து, நாகமுத்து, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டா என்று கூப்பிட்டேன். தண்ணீர் வந்தது. ஒரு பெண் கை நீட்டிய செம்பை வாங்கி அண்ணாந்து குடித்து முடித்த பிறகுதான் பார்த்தேன், செல்வநாயகி நிற்கிறாள். பரமலிங்கத்தின் வீட்டில், பரமலிங்கத்தின் கதிரையில் இருக்கிறேன். கிணற்றடியில் இந்தப் பக்கம் திரும்புவதற்கு அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறேன். அவள் ஏசவில்லை. "உங்கடை வீடு அங்காலை அண்ணை" என்று மட்டும் சொல்லிவிட்டு, வாளியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து என் படலையில் வைத்துவிட்டுப் போனாள். அன்று எனக்குத் தலை சுற்றவில்லை, வெறியும் இல்லை. நிமிர்ந்துதான் நடந்தேன். இதைத் தாங்கள் தங்கள் பகுதியில் உதாரணமாகச் சேர்த்துக்கொள்ளலாம், பெயரை மட்டும் போடவேண்டாம்.

ஆகையால் நான் தங்களிடம் கேட்பது இதுதான். திகைப்பு என்ற சொல் திசை என்ற பொருளில் பிறந்தது என்றும், நிமிர்ந்து நின்று கட்டளை போடுகிறவனும் திகைத்தவனாக இருக்கக்கூடும் என்றும், தங்கள் பத்திரிகைக் கந்தோரின் பெயர் அச்சிட்ட தாளில் எழுதி, கையொப்பம் வைத்து, மறு தபாலில் அனுப்பிவைக்க வேண்டும். அந்த 'ஆயினும்' என்பதற்குப் பிறகு எனக்குப் பாதகமாக ஏதும் எழுதியிருந்தால், அதை வரும் இதழில் அச்சுப் பிழை என்று போட்டுவிடவும். பத்திரிகைகளில் அது வழக்கம்தானே. ஒரு நாள் பிந்தினாலும் எனக்கு ஒரு நாள் நித்திரை இல்லை. காடாற்றியும் கரைக்காமல், அந்தியேட்டி கழிந்தும் கழியாமல், இங்கேயும் இல்லை அங்கேயும் இல்லை என்று அவள் மரத்தில் கிடக்கிறாள். கைகாட்டி விழாமல் ஸ்ரேஷனுக்கு வெளியே நின்று கூவுகிற றெயிலை நான் ஒரு நாளும் அப்படி விட்டதில்லை. அந்நியர் ஏறின றெயிலையே விடாதவன், என் பெண்சாதியை விட்டுவிட்டு யன்னலால் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். அவளைக் கரைக்கவேண்டும். சொல்லவேண்டியதை இந்த முறை சரியான ஆளிடம் சொல்லவேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

தங்களுக்கும் தங்கள் வீட்டாருக்கும், எழுத்துக் கோக்கிறவருக்கும், மை பூசுகிறவருக்கும், பத்திரிகையை நிறுத்து வாங்கிச் சர்க்கரை சுற்றுகிற சகல கடைக்காரருக்கும் சந்நிதி முருகன் நோய் நொடி இல்லாத சீவியம் தந்து, போகிற வழியில் இடம் வலம் பிசகாமல் நடத்துவானாக. கிணற்றுத் தண்ணீரை மட்டும் காய்ச்சிக் குடிக்கவும்.

இங்ஙனம்,
தங்கள் பதிலை எதிர்பார்த்துப் படலையில் நிற்கும்,
சீவரத்தினம்.

பி.கு.: மேலே எழுதியதை உறையில் போட்டு ஒட்டுவதற்குச் சோற்றுப் பருக்கை தேடிக்கொண்டிருந்தபோது படலையில் ஆள் சத்தம் கேட்டது. நடராசா நின்றான். இரண்டு கையாலும் முட்டியைப் பிடித்திருந்தான். "இந்தாருங்கோ மாஸ்ரர். அம்மா சோறு தின்னமாட்டன் எண்டு இருக்கிறா. என்ரை பிள்ளைக்குச் சோறு தந்த மனிசியை மரத்திலை தூங்கவிட்டிட்டு என்னண்டு விழுங்கிறது எண்டு கேக்கிறா. திகைப்போ வெறியோ, எனக்கு உந்தக் கதை ஒண்டும் வேண்டாம். நாளைக்கு வெள்ளெனக் கீரிமலைக்குப் போவம். நானும் வாறன். அப்புவும் அங்கைதானே" என்றான். மோதிரத்தையும் ஒரு துணியில் முடிந்து கொண்டுவந்திருந்தான்.

முட்டியை வாங்கினேன். பாரமே இல்லை. அவள்தான்.

ஆனால் ஓம், நாளைக்குப் போவோம் என்று எனக்குச் சொல்ல வரவில்லை. அது எப்படி, வழக்கு விதானையார் கையில் கிடக்கிறது, பத்திராதிபருக்கு எழுதியிருக்கிறேன், அவர் பதில் வராமல் ஒன்றும் செய்யக்கூடாது, எதற்கும் ஒரு ஒழுங்கு வேண்டும் என்றேன். நடராசா மோதிர முடிச்சை முட்டியின் மேல் வைத்தான். "சரி மாஸ்ரர், பதில் வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனான். முட்டியை என் பக்கத்து மாமரத்தில், குசினி யன்னலுக்கு நேரே தாழக் கட்டியிருக்கிறேன். இங்கே நின்று கதைத்தால் கேட்கும்.

ஐயா, கல்யாணம் முடித்த நாள் முதல் நான் அங்கே, அவள் இங்கே. பென்சன் எடுத்து வந்த பிறகும் நான் வேலியைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன். நாங்கள் ஆறுதலாக இருந்து கதைத்த நாள் என்று ஒன்றும் எனக்கு நினைவில்லை. ஆகையால் மறு தபாலில் என்று மேலே எழுதியதைத் தயவுசெய்து வெட்டிவிடவும். தமிழில் சொற்களுக்கா பஞ்சம்? மற்றவர்களுடைய சொற்களை முதலில் பார்த்து முடியுங்கள். தை போகட்டும், மாசியும் போகட்டும். பதில் எழுதவே தாங்கள் மறந்துபோனாலும் நான் மனஸ்தாபப்படமாட்டேன்.